மோட்டார் நியூரான் நோயில் மூச்சு எப்படி மாறுகிறது? நரம்பியல் ஓ.பி. வரிசையில் என்னிடம் கேட்ட கேள்விகளும் பதில்களும்

எங்கள் நைனா காசிமேட்டில் மீன் ஏலம் கூறியவர். தண்டையார்பேட்டை வீட்டில் நான்கு ஆண்டுகள் இந்த நோயோடு இருந்தார். அவரை அழைத்துக்கொண்டு ஆஸ்பத்திரி வரிசைகளில் உட்கார்ந்திருந்தபோது பக்கத்துக் குடும்பங்கள் என்னிடம் நிறையக் கேட்டார்கள். பெரும்பாலும் மூச்சைப் பற்றித்தான். நான் மருத்துவர் அல்ல. மருத்துவர்கள் எங்களுக்குச் சொன்னதையும், பிறகு தேடிப் படித்து உறுதி செய்துகொண்டதையும் இங்கே எழுதுகிறேன்.

இந்த நோய் நுரையீரலைக் கெடுத்துவிடுமா?

கெடுக்காது. முதலில் புரிய வேண்டியது இதுதான். கொல்லன் பட்டறையில் துருத்தியும் நெருப்பும் நன்றாகவே இருக்கின்றன, துருத்தியை இழுக்கும் கைதான் தளர்ந்துகொண்டே போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மூளையிலிருந்தும் தண்டுவடத்திலிருந்தும் தசைகளுக்குக் கட்டளை கொண்டுபோகும் இயக்க நரம்பணுக்கள் இந்த நோயில் ஒவ்வொன்றாக இறக்கின்றன. கை, கால், நாக்குத் தசைகள் இளைப்பதைப் போலவே மூச்சுத் தசைகளும் இளைக்கின்றன.

மூச்சு வேலையில் பெரும்பங்கு உதரவிதானத்துடையது. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் குடைபோல விரிந்திருக்கும் தசை அது. அதற்கான நரம்பு கழுத்துப் பகுதித் தண்டுவடத்திலிருந்து, அதாவது மூன்று, நான்கு, ஐந்தாம் கழுத்து நரம்பு வேர்களிலிருந்து வருகிறது. அங்கே பாதிப்பு வந்தால் மூச்சு உள்ளே இழுப்பது குறையும். வயிற்றுத் தசைகள் தளர்ந்தால் இருமும் பலம் போகும். தொண்டைத் தசைகள் தளர்ந்தால் எச்சிலும் சாப்பாடும் மூச்சுக்குழாய்க்குள் வழுக்கும். "மூச்சுப் பிரச்சினை" என்று நாம் ஒரே வார்த்தையில் சொல்வதில் இந்த மூன்றும் அடக்கம். மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு.

எல்லாருக்கும் மூச்சு பாதிக்குமா? எவ்வளவு நாளில்?

பெரும்பாலானவர்களுக்கு ஏதோ ஒரு கட்டத்தில் பாதிக்கும். எப்போது என்பது ஆளுக்கு ஆள் மாறும். கையில் தொடங்கி இரண்டு வருடம் வரை மூச்சு தெம்பாக இருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். மிகச் சிலருக்கு மூச்சுத் திணறலே முதல் அறிகுறியாக வந்து, இதய நோய் என்றும் ஆஸ்துமா என்றும் பல மாதம் அலைய வைக்கும்.

நம் ஊர்க்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று: மருத்துவ நூல்களில் "மெட்ராஸ் மோட்டார் நியூரான் நோய்" என்றே ஒரு வகை இருக்கிறது. 1970-ல் சென்னை நரம்பியல் மருத்துவர்கள் விவரித்தது. இளம் வயதில் தொடங்கும், கை கால் மெலியும், முகமும் தொண்டையும் தளரும், கூடவே காது கேட்பதும் குறையும். ஆனால் மிக மெதுவாகப் போகும். பல பத்தாண்டுகள் வாழ்பவர்கள் உண்டு. இளைஞர்களுக்கு ஒரு கை மட்டும் மெலிந்து சில வருடங்களில் தானாக நின்றுவிடும் ஹிராயாமா நோயும் இருக்கிறது. அதில் மூச்சுக்குப் பயமில்லை. அதனால் பெயரைக் கேட்டதும் இடிந்துபோகாமல், "எங்களுக்கு வந்திருப்பது எந்த வகை?" என்று மருத்துவரிடம் தெளிவாகக் கேளுங்கள். வழக்கமான ஏ.எல்.எஸ். வகை என்றால் மூச்சுக் கணக்கை முதல் நாளிலிருந்தே எழுதத் தொடங்குங்கள்.

அவருக்கு மூச்சு வாங்கவே இல்லையே. எதற்கு இப்போதே டெஸ்ட்?

நாங்களும் இதையேதான் கேட்டோம். கேட்டு ஐந்து மாதம் வீணாக்கினோம்.

மூச்சு வாங்குவது என்பது ஓடும்போதும் படி ஏறும்போதும் தெரிவது. கால் தளர்ந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டவருக்குப் படியே இல்லை. அதனால் பலம் பாதியாகக் குறைந்த பிறகும் பகலில் ஒன்றும் தெரியாமல் போகலாம். முதலில் காட்டிக்கொடுப்பது ராத்திரி. கனவு வரும் ஆழ்ந்த தூக்கத்தில் உடம்பின் மற்றத் தசைகளெல்லாம் ஓய்ந்துவிட, மூச்சை உதரவிதானம் மட்டும் தனியாக இழுக்கும். அது ஏற்கெனவே தளர்ந்திருந்தால் கரியமில வாயு வெளியேறாமல் ரத்தத்தில் சேரும். மூளை பதறி ஆளை எழுப்பிவிடும். ஒரு இரவில் பல முறை இப்படி நடக்கும், காலையில் அவருக்கு எதுவும் நினைவிருக்காது.

நைனா முதலில் சொன்னது மூச்சைப் பற்றி அல்ல. "படுத்தா நெஞ்சு மேல யாரோ குந்திக்கினு இருக்க மாதிரி இருக்குது" என்றார். அப்புறம் ஒரு தலையணை இரண்டாயிற்று, இரண்டு மூன்றாயிற்று, கடைசியில் ஈஸி சேரிலேயே தூங்க ஆரம்பித்தார். காலையில் தலைவலி; பத்து மணிக்கெல்லாம் அது தானாகப் போய்விடும். பகலில் பேசிக்கொண்டிருக்கும்போதே கண் சொருகும். கெட்ட கனவு என்பார். சாப்பாட்டில் மனம் போகவில்லை. கவலையால் வந்த தூக்கக்கேடு என்றே நாங்கள் நினைத்தோம். தெருமுனைக் கடையில் தூக்க மாத்திரை கேட்டு வாங்கிக் கொடுத்ததை நினைத்தால் இன்றும் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. தூக்க மாத்திரை மூச்சை இன்னும் மந்தப்படுத்தும். மூச்சு நிலையைப் பார்க்காமல் அதைக் கொடுக்கவே கூடாது.

வீட்டிலேயே கவனிக்க ஏதாவது வழி இருக்கிறதா?

இருக்கிறது. ஒரே மூச்சில் எண்ணச் சொல்லுங்கள். நன்றாக மூச்சை இழுத்துக்கொண்டு, சாதாரண வேகத்தில் ஒன்று, இரண்டு, மூன்று என்று. தெம்பாக இருப்பவர்கள் 30, 40 என்று சாதாரணமாகப் போவார்கள். ஹார்பரில் ஒரு கூடைக்கு விலை ஏற்றிக்கொண்டே மூச்சு விடாமல் கத்தியவர் எங்கள் நைனா. எண்ண ஆரம்பித்த மாதம் 26, இரண்டு மாதம் கழித்து 19, அப்புறம் 14. தினசரிக் காலண்டர் தாளில் குறித்து வைத்தேன். நுரையீரல் மருத்துவர் மற்ற ரிப்போர்ட்டுகளோடு அந்தத் தாள்களையும் வாங்கிப் பார்த்தார். பேச்சே குழறும் நிலையில் இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு சரியாக வராது. மற்றவர்களுக்கு, அவருடைய பழைய எண்ணோடு ஒப்பிட்டால் போதும்.

மல்லாந்து படுக்கும்போது வயிற்றைப் பாருங்கள். மூச்சு இழுக்கையில் வயிறு மேலே எழ வேண்டும். உள்ளே ஒட்டினால் உதரவிதானம் வேலை செய்யவில்லை என்று அர்த்தம். கழுத்து நரம்புகள் புடைக்க மூச்சு இழுக்கிறாரா, நீளமாகப் பேசியவர் இரண்டு இரண்டு வார்த்தையாக நிறுத்திப் பேசுகிறாரா, குரல் மெலிந்துவிட்டதா, இவையும் கணக்கில் சேரும்.

ஆக்ஸிமீட்டரில் 97 காட்டுகிறதே, போதாதா?

போதாது. கொரோனா காலத்தில் வாங்கிய அந்தக் கருவி நம் எல்லார் வீட்டிலும் இருக்கிறது, அதை நம்பும் பழக்கமும் வந்துவிட்டது. அது காட்டுவது ஆக்ஸிஜனை மட்டுமே. இந்த நோயில் முதலில் கெடுவது கரியமில வாயு வெளியேறும் கணக்கு. அதை விரல் கருவி காட்டாது. பகலில் 97 இருக்கும்போதே ராத்திரி கரியமில வாயு ஏறியிருக்கலாம். ராத்திரி முழுக்க விரலில் மாட்டிப் பதிவு செய்யும் கருவி வேறு, அது உதவும்.

என்னென்ன சோதனைகள் செய்வார்கள்?

முக்கியமானது ஸ்பைரோமெட்ரி, நம் பேச்சில் ஊதுற டெஸ்ட். ஆழமாக இழுத்து முழுப் பலத்தோடு ஊதும்போது வெளியேறும் காற்றின் அளவை எஃப்.வி.சி. என்பார்கள். அவர் வயது, உயரத்துக்கு இருக்க வேண்டியதில் எத்தனை சதவீதம் என்று ரிப்போர்ட்டில் வரும். உட்கார்ந்து ஒரு முறை, படுத்து ஒரு முறை எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். படுத்ததும் கால் பங்குக்கு மேல் குறைந்தால் உதரவிதானம் தளர்ந்திருக்கிறது என்று பொருள். எங்களுக்கு முதல் முறை உட்கார்த்தி மட்டும் எடுத்து "பரவாயில்லை" என்று அனுப்பிவிட்டார்கள்.

உதடு தளர்ந்தவர்களால் குழாயைக் கவ்வ முடியாது, காற்று ஓரத்தில் கசிந்து எண் பொய் சொல்லும். அவர்களுக்கு மூக்கால் வேகமாக உறிஞ்சச் சொல்லி அழுத்தத்தை அளக்கும் ஸ்னிப் சோதனை பொருத்தம். மணிக்கட்டுத் தமனியில் ரத்தம் எடுக்கும் ஏ.பி.ஜி. சோதனை கரியமில வாயுவை நேராகச் சொல்லிவிடும். 45-ஐத் தாண்டினால் அதிகம். ஊசி வலிக்கும், ஆனால் தேவைப்பட்டால் தவிர்க்காதீர்கள். இருமலின் வேகத்தையும் ஒரு சின்னக் குழாயில் அளப்பார்கள். நிமிடத்துக்கு 270 லிட்டருக்குக் கீழே என்றால் சளி பிடித்தால் சிரமம். 160-க்குக் கீழே என்றால் தானாகச் சளியை வெளியேற்ற முடியாது.

இவற்றை இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை எடுக்க வேண்டும். நரம்பியல் ஓ.பி.யில் இதை அவர்களாகவே எழுதித் தருவார்கள் என்று காத்திருக்க வேண்டாம். ஸ்டான்லியிலோ சென்ட்ரல் எதிரே உள்ள பொது மருத்துவமனையிலோ காட்டுகிறீர்கள் என்றால், நெஞ்சக நோய்ப் பிரிவுக்கு ஒரு சீட்டு எழுதித் தரும்படி நீங்களே கேளுங்கள்.

ஆக்ஸிஜன் சிலிண்டர் வாங்கி வைத்துவிட்டால் பயமில்லைதானே?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள்.

இவர்களுக்குக் குறைவது காற்றை இழுத்துத் தள்ளும் பலம். வெறும் ஆக்ஸிஜன் கொடுத்தால் விரல் கருவியில் எண் ஏறும், பார்ப்பவர்களுக்கு நிம்மதி வரும். உள்ளேயோ கரியமில வாயு வெளியேறாமல் கூடிக்கொண்டே போகும். ஆக்ஸிஜன் குறைவதைப் பார்த்துத்தான் மூளை மூச்சை விரட்டிக்கொண்டிருந்தது என்றால், அந்த விரட்டலும் நின்றுவிடும். ஆள் அமைதியாகத் தூங்குவதுபோல் இருப்பார். அது தூக்கம் அல்ல, மயக்கம்.

ஒரு ராத்திரி நைனாவுக்குத் திணறல் வந்து பக்கத்தில் இருந்த ஒரு தனியார் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போனோம். முகமூடி போட்டு வேகமாக ஆக்ஸிஜன் வைத்தார்கள். 99 காட்டியது. "தூங்குகிறார், தொந்தரவு செய்யாதீர்கள்" என்றார்கள். ஒரு மணி நேரம் கழித்துத் தட்டியும் எழவில்லை. விஷயம் தெரிந்த ஒரு டியூட்டி டாக்டர் தற்செயலாக வந்து, ரத்தம் எடுத்துப் பார்த்து, பைபாப் என்ற மூச்சுக் கருவியை மாட்டியதால் நைனா பிழைத்துத் திரும்பினார்.

நிமோனியா போல வேறு காரணத்துக்கு ஆக்ஸிஜன் தேவைப்படலாம். அப்போது மூச்சுக் கருவியோடு சேர்த்து, கரியமில வாயுவைப் பார்த்துக்கொண்டே, விரல் கருவியில் 88 முதல் 92 வரை இருந்தால் போதும் என்ற அளவில் கொடுப்பார்கள். அந்த ராத்திரிக்குப் பிறகு ஒரு அட்டையில் பெரிய எழுத்தில் எழுதிக் கட்டில் தலைமாட்டில் ஒட்டினோம்: "மோட்டார் நியூரான் நோயாளி. மூச்சுத் தசை பலவீனம். வெறும் ஆக்ஸிஜன் தர வேண்டாம். பைபாப் தேவை. கரியமில வாயுவைப் பாருங்கள்." 108 ஆம்புலன்ஸ் வந்தால் முதலில் அந்த அட்டையைக் கையில் கொடுங்கள். வீட்டு பைபாப் கருவியையும் கூடவே எடுத்துக்கொண்டு போங்கள்.

பைபாப் என்றால் என்ன? எப்போது தொடங்க வேண்டும்?

அது காற்றைத் தள்ளும் கருவி. அறையில் உள்ள காற்றைத்தான் தள்ளுகிறது, சிலிண்டர் கிடையாது. மூச்சு இழுக்கும்போது அதிக அழுத்தம், விடும்போது குறைந்த அழுத்தம் என்று இரண்டு அளவுகள் இருப்பதால் அந்தப் பெயர். குறட்டை நோய்க்குத் தரும் சி-பாப்பில் ஒரே அழுத்தம்தான், அது இவர்களுக்குப் போதாது. இரண்டும் பார்ப்பதற்கு ஒன்றுபோல இருக்கும். வாடகைக்கு எடுக்கும்போது ஏமாந்துவிடாதீர்கள்.

எஃப்.வி.சி. 50 சதவீதத்துக்குக் கீழே போனால், அல்லது அறிகுறிகள் இருந்து 80-க்குக் கீழே இருந்தாலே, கருவியைப் பற்றிப் பேச வேண்டும் என்பது 2016-ல் வந்த பிரிட்டன் வழிகாட்டுதல். பயன் என்ன என்று கேட்பவர்களுக்கு: இங்கிலாந்தின் நியூகாசிலில் 41 பேரிடம் செய்து 2006-ல் வெளியான ஆய்வில், தொண்டை ஓரளவு நன்றாக இருந்தவர்களில் கருவி வைத்தவர்கள் சுமார் 205 நாள் கூடுதலாக வாழ்ந்தார்கள். தொண்டை மோசமாகப் பாதித்தவர்களுக்கு ஆயுள் கூடவில்லை, ஆனாலும் அறிகுறிகள் குறைந்தன. இந்த நோய்க்கான ரிலுசோல் மாத்திரை தரும் கூடுதல் காலம் இரண்டு மூன்று மாதம் என்று பார்க்கும்போது, இந்தக் கருவி எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும். மாத்திரையை நிறுத்தச் சொல்லவில்லை. மாத்திரைக்கு ஓடும் அதே வேகத்தில் மூச்சுக் கருவிக்கும் ஓடுங்கள்.

முதல் வாரம் கஷ்டம்தான். நைனா முகமூடியைப் பிடுங்கி எறிந்தார். நாங்கள் பகலில், அவர் டி.வி. பார்க்கும்போது, கால் மணி நேரம் அரை மணி நேரம் என்று பழக்கினோம். ராத்திரி நான்கு மணி நேரம் தொடர்ந்து போட்டுக்கொண்ட அன்றைக்கு மறுநாள் காலைத் தலைவலி இல்லை. அதற்குப் பிறகு அவரே கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார். மூக்குத் தண்டில் புண் வந்தால் முகமூடியின் அளவு சரியில்லை, மாற்றுங்கள். வாரை இறுக்கிக்கொண்டே போகாதீர்கள். அழுத்த எண்களை மருத்துவர் மட்டுமே வைக்க வேண்டும். நோய் போகப் போக அந்த எண்களும் மாறும்.

மெஷினுக்கு அடிமையாகி, சொந்த மூச்சு போய்விடும் என்கிறார்களே?

இல்லை. தளர்ந்த தசைக்கு ராத்திரியில் கிடைக்கும் ஓய்வு அது. மாதங்கள் போகும்போது பகலிலும் தேவைப்படுவது நோய் முன்னேறுவதால், கருவியால் அல்ல.

சளி கட்டிக்கொண்டால் என்ன செய்வது?

இதில் அவசரம் காட்டுங்கள். சாதாரண ஜலதோஷம் இவர்களை ஆஸ்பத்திரியில் தள்ளிவிடும். கையால் அழுத்திக் காற்றடிக்கும் ஆம்பு பையால் இரண்டு மூன்று முறை காற்றை மேலே மேலே அடுக்கி, நெஞ்சை நிரப்பி, அதன் பிறகு இருமச் சொல்லி, அதே நேரத்தில் வயிற்றை மேல்நோக்கி அழுத்துவது ஒரு முறை. பிசியோதெரபிஸ்ட் கற்றுக்கொடுத்தால் வீட்டிலேயே செய்யலாம். கற்காமல் செய்யாதீர்கள். காஃப் அசிஸ்ட் என்ற கருவி, காற்றை உள்ளே தள்ளி உடனே வெளியே உறிஞ்சி இருமலைப் போலியாக உண்டாக்கும். விலை அதிகம், ஆனால் வாடகைக்குத் தேடிப் பாருங்கள். வாயில் தேங்கும் எச்சிலுக்கு ஒரு சின்ன சக்‌ஷன் மெஷின், எச்சிலைக் குறைக்க மருத்துவர் தரும் மருந்துகள். ஃப்ளூ, நிமோனியா தடுப்பூசிகளைப் பற்றியும் கேளுங்கள். வீட்டில் பிள்ளைகளுக்குச் சளி என்றால் அந்த வாரம் தாத்தா பக்கத்தில் படுக்க வேண்டாம்.

2021-லிருந்து நடக்கும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே பிசியோதெரபி உண்டு. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள்.

மூச்சுப் பயிற்சி, பிராணாயாமம், பலூன் ஊதுவது?

மெதுவான ஆழ்ந்த மூச்சு மனதுக்கு நல்லது, செய்யட்டும். இறந்த நரம்பணுவை அது உயிர்ப்பிக்காது. பலூன் ஊத வைத்துக் களைப்படையச் செய்யாதீர்கள். உதரவிதானத்துக்கு மின்தூண்டல் கருவி பொருத்தலாமா என்றும் கேட்கிறார்கள். பிரிட்டனில் அதைச் சோதித்து 2015-ல் வெளியிட்டார்கள். பைபாப் மட்டும் வைத்தவர்கள் நடுத்தரமாக 22.5 மாதமும், அந்தக் கருவியையும் சேர்த்துப் பொருத்தியவர்கள் 11 மாதமும்தான் வாழ்ந்தார்கள்.

வயிற்றில் குழாய் வைக்கச் சொல்கிறார்கள். மூச்சுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

விழுங்க முடியாதபோது உணவுக்காக வைக்கும் பெக் குழாயை, மூச்சு பலம் பாதிக்குக் கீழே இறங்குவதற்கு முன்பே வைப்பது பாதுகாப்பு. "முடியாதபோது பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிப்போட்டால், அப்போது மயக்க மருந்தையும் படுக்கையையும் மூச்சு தாங்காது.

வடசென்னைக் காற்றால்தான் வந்ததா?

எண்ணூர் சாம்பல், மணலி வாசனை, கொடுங்கையூர் குப்பை மேட்டுப் புகை, 2023 டிசம்பரில் பெரியகுப்பத்தில் அம்மோனியா கசிந்து ஜனங்கள் ராத்திரியில் ஓடியது, இவ்வளவையும் பார்த்தவர்கள் இப்படிக் கேட்பது நியாயம். ஒருவருக்கு இந்த நோய் இந்தப் புகையால் வந்தது என்று சொல்ல ஆதாரம் இல்லை. ஆனால் இருமிச் சளியைத் தள்ள முடியாதவருக்கு அந்தப் புகை மற்றவர்களை விட அதிகக் கெடுதல் என்பதில் சந்தேகமே வேண்டாம். எங்கள் கையில் இருந்ததை நாங்கள் செய்தோம். கொசுவத்தியையும் சாம்பிராணியையும் நிறுத்தி, கொசுவலை கட்டினோம். போகி அன்று விடியற்காலை ஜன்னலை ஈரத்துணியால் மூடினோம்.

கரண்ட் போனால்?

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் நம் பக்கம் பல தெருக்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை, இடுப்பளவு தண்ணீர். அப்போது நைனா ராத்திரி முழுக்கக் கருவியில் இருந்தவர். சைன் வேவ் இன்வெர்ட்டரை முன்பே வாங்கி, பேட்டரியைத் தரையில் வைக்காமல் மேசைமேல் ஏற்றியிருந்ததால் முதல் ராத்திரி தப்பித்தோம். கருவியில் தண்ணீரைச் சூடாக்கும் ஈரப்பதப் பகுதி நிறைய மின்சாரம் இழுக்கும், பேட்டரியில் ஓடும்போது அதை அணைத்துவிடுங்கள். இரண்டாம் நாள், தண்ணீர் ஏறாத மாடி வீட்டில் ஜெனரேட்டர் வைத்திருந்த உறவினர் வீட்டுக்குப் படகில் தூக்கிக்கொண்டு போனோம். ஐப்பசி பிறந்ததும் அப்படி ஒரு வீட்டைப் பேசி வையுங்கள். ஆம்பு பை கட்டிலிலேயே தொங்கட்டும், வீட்டில் இரண்டு பேருக்காவது அதை அழுத்தத் தெரிந்திருக்கட்டும்.

தொண்டையில் துளை போட்டு வென்டிலேட்டர் வைக்கலாமா?

வைக்கலாம், ஆயுள் கூடும். ஸ்டீஃபன் ஹாக்கிங்குக்கு 1963-ல் நோய் தெரிந்தது, 1985-ல் தொண்டையில் துளை போட்டார்கள், 2018 வரை வாழ்ந்தார். அவருடைய நோயே அபூர்வமாக மெதுவாகப் போனது என்பதையும், இருபத்து நான்கு மணி நேரமும் செவிலியர்கள் இருந்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். வீட்டில் ஒருவர் மாற்றி ஒருவர் ராப்பகலாக விழித்திருந்து சளி உறிஞ்ச வேண்டும். கை கால் தளர்வது அதனால் நிற்காது. வேண்டும் வேண்டாம் என்பதை நோயாளி தன் வாயால், பேச்சு இருக்கும்போதே சொல்லட்டும். எங்கள் நைனா வேண்டாம் என்றார். ஓ.பி.யில் பழக்கமான ஒரு தம்பி வேண்டும் என்றார், அவருடைய அண்ணன்கள் இன்றும் பார்த்துக்கொள்கிறார்கள். இரண்டுமே சரி.

கடைசியில் மூச்சு முட்டித்தான் போவார்களா?

இந்தக் கேள்வியை யாரும் சத்தமாகக் கேட்பதில்லை. வராண்டா ஓரம் கூட்டிக்கொண்டு போய், அழுதுகொண்டே கேட்பார்கள்.

பெரும்பாலானவர்களுக்கு அப்படி இல்லை. கரியமில வாயு மெல்ல ஏறி, தூக்கம் நீண்டுகொண்டே போய், அந்தத் தூக்கத்திலேயே மூச்சு நின்றுவிடுகிறது. திணறலும் பதற்றமும் வந்தால் அதற்கு மருந்து இருக்கிறது. சிறிய அளவில் மார்ஃபின், பதற்றத்துக்கான மருந்து இரண்டையும் வலிநிவாரணப் பராமரிப்பு மருத்துவர்கள் அளந்து கொடுப்பார்கள். தூக்க மாத்திரை கூடாது என்று மேலே சொன்னது, நாமாக வாங்கிக் கொடுப்பதைப் பற்றி. கடைசிக் கட்டத்தில் மருத்துவர் கையில் அதுவே கருணை. அந்த மருத்துவர்களைக் கடைசி வாரத்தில் தேடாதீர்கள், ஆறு மாதம் முன்பே பழகிக்கொள்ளுங்கள்.

நைனா கருவியோடு தூங்கினார், விடியற்காலை எழவில்லை. பக்கத்தில் படுத்திருந்த அம்மாவுக்கே தெரியவில்லை. கருவி மட்டும் காற்றைத் தள்ளிக்கொண்டிருந்தது.

அவர் போன பிறகு மெஷினை என்ன செய்தீர்கள்?

கொருக்குப்பேட்டையில் ஒரு அக்காவின் வீட்டுக்காரருக்குக் கொடுத்தோம். முகமூடி, குழாய், வடிகட்டி மூன்றையும் புதிதாக மாற்றினோம். நைனாவுக்கு வைத்திருந்த அழுத்த எண்களை அப்படியே விடாமல், மருத்துவரிடம் கொண்டுபோய் அவருக்கு ஏற்றபடி மாற்றி வைத்த பிறகுதான் போட்டார்கள். காலண்டர் தாளில் எண்ணிக் குறிக்கும் முறையையும் சொல்லிக்கொடுத்தேன். போன வாரம் 22 என்றார்.